முகநூலில் கிடைத்த அப்பாவின் படம்

2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டு அல்பமும் போனது. பெரியகல்லாற்றில் ஒருபுறம் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி. உயிரோடு ஓடித் தப்புவதே பெரும்பாடு, அல்பத்தை யார் தூக்குவது?

பல வருடங்களின் பின் வெளிநாட்டில் வாழும் ஊரவர் ஒருவர் 1988இல் நடந்த கல்யாண வீட்டுப் படம் ஒன்றை முகநூலில் போட்டிருந்தார். ஓரத்தில் அப்பா நின்றார். அன்றுவரை முகநூல் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் இடம்தான். அதன் பிறகே அதில் ஊரைத் தேடத் தொடங்கினேன்.

தேடுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஊர்ப் பெயரைச் சேர்த்தும் பிரித்தும் எழுதிப் பார்க்க வேண்டும், ஆங்கில எழுத்திலும் அப்படியே. படத்தைவிடக் கீழே உள்ள கருத்துகளில்தான் அதிகம் கிடைக்கும். “இது எங்கட மாமா” என்று ஒருவர் எழுதுவார், மற்றவர் வருடத்தைத் திருத்துவார்.

ஆனால் எல்லாவற்றையும் நம்ப முடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பு என்று ஒரு படம் வந்தது. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன், வேறு நாட்டுப் புயல். பகிர்ந்தவரைக் கேட்டால், “எனக்கும் வந்தது” என்றார். சுனாமி வருகிறது என்று வட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவுகளும் இந்த வகைதான். அதற்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது, அழைத்துக் கேட்டுவிடலாம்.

முகநூலை ஆவணக்காப்பகம் என்று நினைப்பதும் பிழை. கணக்கை மூடினால் படமும் போய்விடும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசாங்கம் முகநூலை முடக்கியபோது இருந்ததும் கைக்கு எட்டவில்லை. நல்ல படம் கண்டால் போட்டவரிடம் கேட்டுப் பிரதி எடுத்து, யார், எங்கே, எப்போது என்று எழுதி வைக்கிறேன். பழைய பத்திரிகை, சிறப்பு மலர் என்றால் 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் பார்க்கிறேன். அங்கே பக்கம் பக்கமாக அச்சில் வந்ததையே காணலாம்.

அந்தக் கல்யாணப் படத்துக்குக் கீழே, நிற்பவர்கள் யார் யார் என்று பலர் கேட்டிருந்தார்கள். எனக்கு எல்லாரையும் தெரியும். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர் 1990இல் வீட்டிலிருந்து போனவர், திரும்பி வரவில்லை. எழுதுவதற்கு முன் ஒரு பிரதியை அவருடைய அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“அவன்ட பேர மட்டும் எழுதிப்போடாத மகன். மறுகா ஆரும் வந்து கேப்பானுகள்.”

மற்ற ஆறு பேரின் பெயர்களை எழுதினேன். “அப்பாவுக்குப் பக்கத்தில் யார்?” என்று இன்னும் அங்கே ஒருவர் கேட்டபடி இருக்கிறார்.