பூட்டாத கதவு

பள்ளிக்கூடம் என்றால் காலையில் போய் மாலையில் திரும்பும் இடம் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. பெற்ற மகளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, இனி விடுமுறைக்குத்தான் அவள் முகம் காணலாம் என்று கரையிலே நின்று கையசைக்கும் தாய்மார் நிறைந்த நாடு ஒன்று உண்டு, தோழர்களே! அந்த நாட்டின் பெயர் துவாலு. அந்த மகள் போய்ச் சேரும் பள்ளியின் பெயர் மோத்துபோவா.

எங்கோ பசிபிக் மாகடலின் நடுவிலே கிடக்கும் பள்ளியைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். உழைப்பவன் வீட்டுப் பிள்ளை படிக்கப் போகும் இடம் எதுவாயினும், அதைப் பற்றிய பேச்சு நம் பேச்சுத்தான். பிள்ளை அங்கே என்ன உண்கிறது, எப்படி உறங்குகிறது, அது உறங்கும் அறையின் சாவி யார் கையில் இருக்கிறது — இவை எல்லா நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவான கேள்விகள்.

முதலில் நாட்டைப் பார்ப்போம். ஒன்பது தீவுகள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாலும் 26 சதுர கிலோமீட்டர் நிலந்தான். மக்கள் தொகை ஏறத்தாழ 11,000. நிலத்தின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஐந்து மீட்டரைத் தொடாது. மலை இல்லை, ஆறு இல்லை. வானத்திலிருந்து விழும் மழை நீரைத் தொட்டியிலே பிடித்துவைத்துக் குடித்தாக வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் கில்பர்ட் தீவுகளோடு ஒட்டிக் கிடந்த இந்த மக்கள், 1974-இல் வாக்களித்துத் தனியே பிரிந்தனர். 1978 அக்டோபர் முதல் நாள் விடுதலை பெற்றனர். துவாலு என்ற சொல்லுக்கு எட்டுப் பேர் சேர்ந்து நிற்பது என்று பொருள். மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்துவந்த தீவுகள் எட்டு என்பதால் வந்த பெயர்.

அந்த எட்டில் ஒன்று வைத்துப்பு. தலைநகரான ஃபுனாஃபுட்டியிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கடல் வழி. பரப்பு ஆறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. இடம் சிறிது, ஆனால் அங்குள்ள மக்களின் மானம் பெரிது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாணிபத்தில் ஏற்பட்ட கடனுக்காக ஐரோப்பிய வணிகக் குழு ஒன்று இந்தத் தீவையே எடுத்துக்கொள்வோம் என்று மிரட்டியது. கடன் 13,000 டாலர். தென்னையும் மீனும் தவிர வேறு செல்வம் அறியாத மக்கள் தவணை தவணையாகக் கட்டினார்கள். 1887 நவம்பர் 25-ஆம் நாள் கடைசித் தவணையும் தீர்ந்தது. இன்றும் அந்த நாளை மகிழ்ச்சித் திருநாள் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். மன்னன் பிறந்த நாளன்று, மாவீரன் வென்ற நாளன்று விழா எடுப்போர் பலர் உண்டு. கடன் தீர்ந்த நாளுக்கு விழா எடுக்கும் மக்களை எங்கே காண்பது? கந்து வட்டியின் கொடுமையை அறிந்த தொழிலாளி ஒருவனுக்குத்தான் அந்த விழாவின் அருமை விளங்கும்.

அதே மக்கள், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரிடம் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு, ஃபிஜி நாட்டில் கியோவா என்ற தீவை விலைக்கு வாங்கினார்கள். 1947-இல் அங்கே குடியேறவும் தொடங்கினார்கள். கூலிப் பணத்தில் ஒரு தீவு! தங்கள் நிலம் பெருகும் பிள்ளைகளுக்குப் போதாமற் போய்விடும் என்று அன்றே எண்ணியவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்ட தீவில்தான் 1905-இல் இலண்டன் மிஷன் சங்கத்தார் ஆண் பிள்ளைகளுக்கென்று மோத்துபோவாவில் பள்ளி தொடங்கினார்கள். கில்பர்ட் தீவுகளோடு சேர்ந்திருந்த காலத்தில் அரசாங்க உயர்நிலைப் படிப்புக்குத் தாராவா வரை போகவேண்டியிருந்தது. பிரிவினைக்குப் பிறகு அந்த வழி அடைபட்டது. மோத்துபோவா அரசின் பொறுப்புக்கு வந்து, ஆணும் பெண்ணும் தங்கிப் படிக்கும் பள்ளியாக வளர்ந்து, நெடுங்காலம் நாட்டின் ஒரே அரசு உயர்நிலைப் பள்ளியாக நின்றது. தொடக்கப் பள்ளியின் எட்டாம் ஆண்டு முடிவில் நாடு முழுமைக்கும் ஒரு தேர்வு. அதிலே தேறிய பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறும். பவளப் பாறைக்கு அப்பால் கப்பல் நின்றுவிடும். சிறு படகில் ஏறிக் கரை சேரவேண்டும்.

கரை சேர்ந்த பிள்ளையின் கிழமை எப்படிக் கழிகிறது?

திங்கள் முதல் வெள்ளி வரை பாடம். வீட்டிலே பேசுவது துவாலு மொழி. வகுப்பிலே பாடம் நடப்பதோ ஆங்கிலத்தில். நுயி தீவிலிருந்து வந்த பிள்ளைக்குச் சுமை இன்னும் ஒன்று கூடுதல். அத்தீவார் வீட்டில் பேசுவது கில்பர்ட் மொழியின் ஒரு கிளை. ஆக, அந்தப் பிள்ளை மூன்று மொழிகளுக்கு இடையே நடமாடுகிறது. தாய்மொழி வாசலில் நிற்க, வேற்றுமொழி நாற்காலியில் அமர்ந்து பாடம் சொல்லும் காட்சி நமக்குப் புதிதல்லவே!

மாலையிலே விளையாட்டு. கால்பந்தும் கைப்பந்தும் எங்கும் உள்ளவை. அந்த மண்ணுக்கே உரிய விளையாட்டு ஒன்று உண்டு. 'தே அனோ' என்று பெயர். தாழை இனத்து ஓலையிலே முடைந்த கனத்த பந்துகள் இரண்டு. எதிரெதிரே வரிசையாக இரண்டு கட்சிகள். இரண்டு பந்துகளும் ஒரே நேரத்தில் பறக்கும். கையால் அடித்துத் திருப்ப வேண்டும். கீழே விழவிட்டால் மறு கட்சிக்கு வெற்றிப் புள்ளி. ஒரு கண் ஒரு பந்தின்மேல், மறு கண் மறு பந்தின்மேல்! கவனம் சிதறியவன் தோற்றான்.

சனிக்கிழமை வந்தால் கை வேலை. தங்கிப் படிக்கும் இடத்தில் துணி துவைக்கவும் தரை பெருக்கவும் வேறு யார் வருவார்? மழை நீரே குடிநீர் என்பதால், வாளியை மொண்டு ஊற்றும்போதும் கணக்குப் பார்க்கவேண்டும். உணவுக்கு மீன், தேங்காய், ஈரப்பலா, கப்பலில் வந்திறங்கும் அரிசி. புலாக்கா என்றொரு கிழங்கு உண்டு, நம் சேம்பின் உறவு. மணலை ஆழத் தோண்டி, அடியிலே ஊறும் நன்னீர் மட்டத்துக்குப் போய், குழியிலே தழையுரம் இட்டு வளர்க்கவேண்டும். மண்ணே இல்லாத நாட்டில் மண்ணை உண்டாக்கிப் பயிர் செய்யும் கலை அது. அந்தத் தீவுகளின் பிள்ளைகள் ஏட்டைத் தொடும் முன்பே மண்ணைத் தொட்டவர்கள்.

ஞாயிறு வழிபாட்டு நாள். நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அன்று தீவே அமைதி காக்கும்.

விழா நாளிலோ ஃபாத்தேலே ஆட்டம்! நடுவிலே ஒரு மரப்பெட்டி. அதைச் சூழ்ந்து அமர்ந்தவர்கள் கையால் தட்டிப் பாடுவார்கள். எழுந்து நிற்பவர்கள் ஆடுவார்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் ஏறும், குரல் ஏறும். உச்சத்திலே சட்டென்று நின்றுவிடும். உடனே எதிர்க் கட்சி தன் பாட்டை எடுக்கும். தீவுக்குத் தீவு போட்டி. ஆனால் பகை இல்லை. பல தீவுப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, ஆடிப் பாடிப் பழகியதால்தான், சிதறிக் கிடந்த தீவுகள் ஒரு நாடாயின என்று சொன்னால் மிகையாகாது. ஒரு நாட்டின் அமைச்சனும் மாலுமியும் ஆசிரியையும் ஒரே பள்ளியில் உருவாகிறார்கள் என்றால், அந்தப் பள்ளிக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் அது நாட்டின் நெஞ்சிலே நேர்ந்த தீங்கு.

நேர்ந்தது, தோழர்களே!

2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவு ஒன்று. மாணவியர் விடுதி. விளக்கணைத்த பிறகும் மாணவி ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் படித்தாள் என்றும், அதிலிருந்து தீப் பற்றியது என்றும் அந்நாளைய செய்திகள் கூறின. விடுதியின் கதவு பூட்டியிருந்தது. உள்ளே உறங்கியவர்களில் 18 மாணவியரும், அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண்ணொருவரும் மாண்டுபோயினர்.

பத்தாயிரம் பேர் அளவே வாழ்ந்த நாட்டில் 18 பெண் குழந்தைகள்! ஒரு தீவு அழுதால் மறு தீவு தேற்றும். எல்லாத் தீவும் அழுதால் யார் தேற்றுவது?

கதவைப் பூட்டியவர் கொடியவர் அல்லர். கெடுதல் செய்யவேண்டும் என்று யாரும் பூட்டவில்லை. பெண் பிள்ளைகள் பத்திரமாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில்தான் இரவுதோறும் விடுதிகள் பூட்டப்படுகின்றன, எந்த நாட்டிலும். நம் கண்டனம் அந்தக் கைக்கு அல்ல, அந்த எண்ணத்துக்கு! பெண்ணைக் காப்பது என்றால் பூட்டி வைப்பது என்று ஆண்டாண்டுக் காலமாக உலகம் கற்றுக்கொண்டிருக்கும் பாடம் இருக்கிறதே, அதற்கு! பூட்டு திருடனைத் தடுக்கும், தீயைத் தடுக்குமா? அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? ஊர் உறங்கிய பிறகும் படித்தாள். படிக்க வெளிச்சம் இல்லை, ஆகவே மெழுகுவர்த்தி ஏற்றினாள். தப்பிக்க வழி இல்லை, ஆகவே மாண்டவர் பலர். வெளிச்சம் கொடுத்திருக்கவேண்டியதும், வழி விட்டிருக்கவேண்டியதும் பெரியவர்களின் கடமை.

2004-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிஞ்சுகளைத் தீக்குக் கொடுத்த நாம், இதை அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியுமா? தொழிற்சாலையிலே வேலை நேரத்தில் வாயிலைப் பூட்டிவைக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்கள் நம் தோழர்கள். எந்தக் கட்டடமாக இருந்தாலும் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஒன்றே: உள்ளே இருப்பவர் தாமே திறந்துகொண்டு வெளியே வர முடியுமா?

மோத்துபோவா எழுந்து நின்றது. 2009-இல் இத்தாலி நாட்டின் உதவியோடு, 46 கிலோவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் அந்தப் பள்ளியில் அமைக்கப்பட்டது. பகலிலே கதிரவன் தரும் ஆற்றலை மின்கலங்களில் சேர்த்துவைத்து இரவிலே விளக்கெரிய வைக்கும் ஏற்பாடு. மெழுகுவர்த்தியில் கருகிய பள்ளி, கதிரவனிடம் வெளிச்சம் வாங்கிக்கொண்டது! மாண்ட பெண்களுக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறெதுவும் இருக்க முடியாது என்பது நம் எண்ணம்.

படித்து முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? சிலர் ஃபிஜியின் சுவா நகரில் உள்ள தென் பசிபிக் பல்கலைக் கழகத்துக்கு. இளைஞர் பலர் 1979 முதல் நடந்துவரும் கடற் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, அயல்நாட்டுச் சரக்குக் கப்பல்களில் மாலுமிகளாகப் போனார்கள். அவர்கள் அனுப்பிய சம்பளத்தில் எத்தனையோ அடுப்புகள் எரிந்தன.

இப்போதோ கடலே வேறு முகம் காட்டுகிறது. 2011-இல் மழை பொய்த்து நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தலைநகரிலே குடும்பம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று தண்ணீர் அளந்து ஊற்றினார்கள். 2015-இல் 'பாம்' புயல் கிளப்பிய அலைகள் வைத்துப்புவையும் தாக்கின. 2021-இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சராயிருந்த சைமன் கோஃபே, முழங்கால் அளவு கடல் நீரிலே நின்றபடி உலகுக்கு முறையிட்டார். கடல் மட்டம் ஏற ஏற, உப்பு நீர் புலாக்காக் குழிக்குள்ளும் புகுகிறது. புகை கக்கிய ஆலைகள் எங்கோ. நனைவது இவர்கள் வீடு!

ஆஸ்திரேலியாவோடு 2023-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி 2024-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 பேர் அங்கே சென்று நிலையாக வாழலாம். கதவு ஒன்று திறந்திருக்கிறது. நல்லது. வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். பூட்டிய கதவின் விலையை அந்த மக்கள் தங்கள் பெண்களின் உயிரால் கொடுத்தவர்கள்; கதவு திறந்திருப்பதன் அருமையை அவர்களுக்கு நாம் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. வெளியேற வழி விட்டுவிட்டோம் என்பதற்காக, உள்ளே எரியும் தீயை அணைக்காமல் இருக்கலாமா? கதவும் திறந்திருக்கவேண்டும், வீடும் எரியாமல் இருக்கவேண்டும். இரண்டும் கேட்பது பேராசை அல்ல, உரிமை. போக விரும்புகிறவன் போகட்டும். இருக்க விரும்புகிறவன் இருக்கட்டும். விரட்டப்பட்டு எவனும் போகக்கூடாது. கடன்காரனிடமிருந்து தவணை கட்டித் தீவை மீட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். செய்யாத குற்றத்துக்கு இன்று அவர்கள் தலையில் விழுந்திருக்கும் இந்தக் கடனை, புகை கக்கிய நாடுகள் தீர்க்கட்டும்!

அந்தத் தீவுகளிலே பிள்ளைகள் மீண்டும் பெட்டியைக் கட்டுகிறார்கள், கப்பல் ஏறுகிறார்கள், மோத்துபோவாவின் இரவிலே விளக்கு எரிகிறது. தோழர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியையும், தங்கும் விடுதியையும், நீங்கள் உழைக்கும் கொட்டகையையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நாளைக் காலை போய்க் கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்கிறதா?

திறக்கவில்லை என்றால், திறக்கும் வரை ஓயாதீர்கள்!