இன்னும் மாத்திரையா, இல்லை சோதனைக் குழாயா?



கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் போதும், கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அந்தக் கேள்வி வந்துவிடும். "என்ன, இன்னும் விசேஷம் ஒன்னும் இல்லையா?" கேட்டவர் மறந்துவிடுவார். கேட்கப்பட்டவள் இரவெல்லாம் தூங்கமாட்டாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மாத்திரை கொடுக்கிறார்கள். ஆறு மாதம் ஆகிறது, ஒரு வருஷமும் ஆகிறது. ஒரு நாள் பட்டணத்து டாக்டர், "இனி ஐவிஎஃப் செய்து பார்க்கலாம்" என்கிறார். செலவைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. "மாத்திரையையே இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பாப்போமே" என்று வீடு திரும்புகிறார்கள்.

அப்படித் திரும்புவது சில குடும்பங்களுக்குச் சரியான முடிவு. வேறு சில குடும்பங்களுக்கு அது இருக்கிற காலத்தையும் கரைத்துவிடும் முடிவு. உங்கள் குடும்பம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளவே இந்த மாதக் கட்டுரை.

மாத்திரை என்ன செய்கிறது?

பெண்ணின் சூலகத்திலிருந்து மாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வரவேண்டும். சிலருக்கு அது ஒழுங்காக வருவதில்லை. மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போகும். நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் கோளாறு இதற்கு முக்கியமான காரணம். இவர்களுக்குத்தான் குளோமிஃபீன் மாத்திரை பயன்படும். மாதவிலக்கு வந்த சில நாட்களுக்குள் தொடங்கி ஐந்து நாள் சாப்பிடுவார்கள். 50 மில்லிகிராமில் ஆரம்பித்து, முட்டை வராவிட்டால் 100க்கும், அதிகபட்சமாக 150க்கும் ஏற்றுவார்கள்.

இப்போது நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு லெட்ரோசோல் என்ற மாத்திரையை முதலில் கொடுக்கும் வழக்கம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 750 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும் குழந்தை பிறந்தது. ஆகவே குளோமிஃபீன் பலன் தராதவர்கள் உடனே மனம் உடைய வேண்டாம். "டாக்டர், எனக்கு லெட்ரோசோல் ஒத்து வருமா?" என்று கேளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். முட்டை ஒழுங்காக வரும் பெண்ணுக்கு, காரணமே தெரியாமல் பிள்ளை தள்ளிப் போனால், இந்த மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பதால் பெரிய பலன் இல்லை. அடைத்த குழாயை இது திறக்காது. கணவரின் விந்தணுவையும் கூட்டாது.

ஆறு மாதக் கணக்கு

மாத்திரையால் கரு நிற்கிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு முறைக்குள் நின்றுவிடும். அதற்குப் பிறகு வாய்ப்பு மிகவும் குறைகிறது. ஆகவேதான் ஆறு மாதத்துக்கு மேல் நீட்டாமல் வேறு வழியை யோசிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஆறு மாதம் என்றால் வெறுமனே மாத்திரை விழுங்கிய ஆறு மாதம் அல்ல. முட்டை வந்தது என்று ஸ்கேனிலோ இரத்தப் பரிசோதனையிலோ தெரிந்த ஆறு மாதம். பட்டணத்து மருந்துக் கடையில் தானாகவே வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்கே தெரியாது. "இந்த மாத்திரையால எனக்கு முட்டை வெடிக்குதா, இல்லையா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அடுத்த மாதத்து மாத்திரையை வாங்காதீர்கள்.

குளோமிஃபீன் சாப்பிடும்போது கண் மங்கினாலோ, கண்முன் பொறி பறப்பது போல் இருந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இரட்டைப் பிள்ளை உண்டாகும் வாய்ப்பும் சற்றுக் கூடும்.

முதலில் கணவர் வரட்டும்

நம்மிடையே உள்ள பெரிய குறை இதுதான். மூன்று வருஷம் மனைவி மாத்திரை சாப்பிட்டிருப்பாள். கணவர் ஒரு தடவைகூடப் பரிசோதனைக்குப் போயிருக்கமாட்டார். "எனக்கு என்ன குறை? நான் நல்லாத்தானே இருக்கேன்!" என்பார். உடல் பலத்துக்கும் விந்தணுவுக்கும் சம்பந்தமில்லை, ஐயா. குலை வெட்டுகிற கைக்கு வலு இருக்கலாம். விந்தணு குறைவாக இருக்கலாம். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் சேர்ந்திருக்கிறது.

பரிசோதனை எளிது. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருந்து விந்துவைக் கொடுக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கீழ் அளவு. குறைந்தால் இன்னொரு தடவை சோதித்துப் பார்ப்பார்கள்.

சிகரெட்டும் சம்சுவும் அணுவைக் கெடுக்கும். உடம்பு ஏற்றுவதற்காகப் போடும் ஹார்மோன் ஊசி அணுவை ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடும். சில விஷ மருந்துகளும் அப்படியே. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிமருந்தைத் தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்கள் பலருக்கு விந்தணு வற்றிப்போனது தெரியவந்தது. மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இறங்க வேண்டாம். வேலை உடையோடு வீட்டுக்குள் வரவும் வேண்டாம். புது விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இன்று கெட்ட பழக்கத்தை விட்டால் பலன் மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தெரியும்.

மனைவிக்கு, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். உடல் பருமனும் நீர்க்கட்டியும் சேர்ந்திருந்தால், எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே சிலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிவிடும். ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு நிற்கும் முன்பிருந்தே தினமும் சாப்பிட வேண்டும்.

சோதனைக் குழாய் என்பது என்ன?

"சோதனைக் குழாய்க் குழந்தை" என்று சொன்னதும் குழந்தை கண்ணாடியில் வளர்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. முட்டையும் விந்துவும் வெளியே சேர்கின்றன. கரு மூன்று முதல் ஐந்து நாள் வரைதான் வெளியே இருக்கிறது. பிறகு தாயின் வயிற்றில் வைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1978 ஜூலை 25ஆம் தேதி முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில் 1983இல் முதல் குழந்தை பிறந்தது. அதைச் சாதித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம் என்ற தமிழர்.

பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். பிறகு மயக்கம் கொடுத்து, ஊசி வழியாக முட்டைகளை எடுப்பார்கள். கரு வைத்த இரண்டு வாரத்துக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை. விந்தணு மிகக் குறைவாக இருந்தால் ஒரே ஓர் அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். அதற்கு இக்ஸி என்று பெயர்.

தோட்டத்தில் இருப்பவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டியவை சில உண்டு. ஊசி மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருக்கலாம். பட்டணத்துக்கு அடிக்கடி போய்வர வண்டி வேண்டும். முட்டை எடுத்த பிறகு சில நாட்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது. டாக்டரிடம் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு வைத்த பிறகு படுத்த படுக்கையாகக் கிடக்கத் தேவையில்லை.

மாத்திரைக்கும் இதற்கும் நடுவே ஐயுஐ என்று ஒரு படி இருக்கிறது. கணவரின் விந்துவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்துவார்கள். செலவு மிகவும் குறைவு. குழாய் திறந்திருந்து, விந்தணு ஓரளவு நன்றாக இருந்தால் இதைப் பற்றியும் கேளுங்கள்.

யார் பொறுக்கலாம், யார் பொறுக்கக்கூடாது?

மனைவிக்கு வயது 28. நீர்க்கட்டி. குழாய் திறந்திருக்கிறது. கணவரின் விந்து நன்றாக இருக்கிறது. முட்டை வந்தது மூன்று மாதம்தான். இவர்கள் பொறுக்கலாம். ஆறு முறையை முடிக்கட்டும். மாத்திரையை மாற்றிப் பார்க்கட்டும். கடன் வாங்கி ஓட வேண்டிய அவசரம் இல்லை.

மனைவிக்கு 37. மாத்திரை சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. இவர்கள் இன்னொரு வருஷம் மாத்திரை சாப்பிடுவது சிக்கனம் போலத் தெரியும். ஆனால் வயதைச் செலவு செய்கிறார்கள். ஐவிஎஃப் செய்தாலும் 35க்குக் கீழே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் ஒரு முறையில் குழந்தை கிடைக்கிறது. 40ஐத் தாண்டினால் பத்தில் ஒருவருக்கே கிடைக்கிறது. அதற்கு மேல் இன்னும் குறைவு. அதனால்தான் 35 வயதைத் தாண்டிய பெண், ஒரு வருஷம் காத்திருக்காமல் ஆறு மாதத்திலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இரண்டு குழாயும் அடைத்திருந்தாலோ, விந்தணு மிகமிகக் குறைவாக இருந்தாலோ, வயது 25 ஆனாலும் மாத்திரையில் காலம் கடத்துவதில் அர்த்தமில்லை.

பணம்

தனியார் நிலையத்தில் ஒரு முறை ஐவிஎஃப் செய்ய மருந்தோடு சேர்த்துப் பெரும்பாலும் 15,000 வெள்ளிக்கு மேல் ஆகும். 20,000ஐத் தாண்டுவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆக, பத்து மாத உழைப்பை ஒரு தடவைக்குக் கொடுக்கிறோம். அதிலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஆகவே முதலில் அரசாங்க வழியைப் பாருங்கள். எல்பிபிகேஎன் எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் குழந்தைப்பேறு சிகிச்சை தருகிறது. சில அரசாங்க மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் ஐவிஎஃப் உண்டு. அங்கே செலவு குறைவு, வரிசை நீளம். வயது வரம்பும் இருக்கலாம். எனவே மாத்திரை சாப்பிடும்போதே கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கிப் பெயரைப் பதிந்துவிடுங்கள். மாத்திரையில் பலன் கிடைத்தால் பெயரை எடுத்துவிடலாம். ஆறு மாதம் முடிந்த பிறகுதான் வரிசையில் நிற்க ஆரம்பித்தால், போன காலம் போனதுதான்.

ஊழியர் சேமநிதியில் உள்ள 'அக்கவுன் செஜாத்தெரா' கணக்கிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு வழி செய்யப்பட்டது. டாக்டர் கடிதத்தையும் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். பாரம் புரியாவிட்டால் சங்கக் கிளையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆனால் அது உங்கள் முதுமைக் காலத்துப் பணமும்கூட. ஆலோங்கிடம் மட்டும் போகாதீர்கள். பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் வட்டி குட்டி போடும்.

தனியார் நிலையத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: "என் வயசுள்ளவங்களுக்கு இங்க எத்தன பேருக்குப் பிள்ளை பொறந்திருக்கு? கர்ப்பம் எத்தனனு இல்ல, பொறந்தது எத்தன?" "சொன்ன தொகையில ஊசி மருந்து சேந்திருக்கா?" "மிச்சக் கருவை உறைய வைக்க வருஷத்துக்கு எவ்வளவு?" "முட்டையே கிடைக்கலன்னா பணம் எவ்வளவு திரும்ப வரும்?"

ஒரு எல்லை போடுங்கள்

ஆரம்பிக்கும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, "இத்தனை தடவை, இவ்வளவு பணம், இந்த வயது வரை" என்று பேசி எழுதி வையுங்கள். தோல்வி அடைந்த அன்று அழுகையோடு எடுக்கும் முடிவு சரியாக வராது. ஊசியும் வலியும் மனைவியின் உடம்பில். ஆகவே "போதும்" என்று அவள் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "மலடி" என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள், அம்மா. அந்தச் சொல் எந்தக் குழாயையும் திறந்ததில்லை. மகனைப் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள், அதுதான் உதவி.

சிகிச்சையை நிறுத்துவதும் ஒரு முடிவுதான். அதில் வெட்கம் இல்லை. தத்தெடுக்க விரும்புவோர் சமூக நல இலாகாவை அணுகலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றத்தின் வழியே அது நடக்கும். வாய்ப்பேச்சில் பிள்ளையை வாங்கி வளர்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் சேர்க்கும்போது பத்திரத்துக்கு அலைபவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. முறைப்படி செய்யுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: மனைவியின் வயது, எத்தனை மாதம் எந்த மாத்திரை, அதில் முட்டை வந்த மாதம் எத்தனை, குழாய் எக்ஸ்ரே முடிவு, கணவரின் விந்துப் பரிசோதனை முடிவு. இந்த ஐந்தில் எது காலியாக இருக்கிறதோ, அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். ஐந்தும் நிரம்பிவிட்டால், மாத்திரையா மேலே போவதா என்று டாக்டரோடு நேருக்கு நேர் பேச உங்களால் முடியும். இருவரும் சேர்ந்தே போங்கள்.