ஒரு சென்ட் விலையில் ஓர் இதழ்

பணமுடை வந்தவுடன் அறநிலையங்கள் முதலில் எதை நிறுத்துகின்றன? அடுப்பை அணைக்க மனம் வராது. மருந்தகத்தைப் பூட்டவும் மனம் வராது. ஆதரவாளர்களுக்கு அனுப்பி வந்த சிற்றிதழையும் கடிதத்தையுமே நிறுத்துகின்றன. தாளும் தபாலும் வீண் செலவு என்று தோன்றுவது இயல்பே. ஆனால், செய்தி நின்ற சில மாதங்களில் உதவியும் மெல்ல நின்றுவிடுவதைக் கண்டவர் பலர். இதற்கு நேர்மாறாக, நாடே நொடித்துக் கிடந்த வேளையில் இதழொன்றைத் தொடங்கி, அதன் வழியாகவே அறப்பணியை வளர்த்தெடுத்த பெண்மணி டாரதி டே.

அது 1933ஆம் ஆண்டு. அமெரிக்காவில் உழைப்பாளர் நால்வருள் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் ஆயிரக்கணக்கில் முறிந்திருந்தன. 1927இல் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவிய டாரதி டே, நியூயார்க் நகரில் எழுதிப் பிழைத்து வந்த பத்திரிகையாளர். பிரான்சு நாட்டு உழவர் குடும்பத்தில் பிறந்த பீட்டர் மோரின் என்பவரின் தூண்டுதலால் ஏழைத் தொழிலாளருக்கென ஓர் இதழ் வெளியிடத் துணிந்தார். அச்சுக்கூலி 57 டாலர். எழுதிப் பெற்ற ஊதியத்தோடு, குருக்கள் சிலரும் கன்னியர் ஒருவரும் அளித்த சிறு தொகைகளைச் சேர்த்தார். வீட்டு மின்சாரக் கட்டணத்தைக் கட்டாமல் ஒத்திவைத்தார். மே முதல் நாள், தொழிலாளர் திரண்டிருந்த யூனியன் சதுக்கத்தில் ‘கத்தோலிக் ஒர்க்கர்’ இதழின் 2,500 படிகள் விற்பனைக்கு வந்தன. விலை ஒரு சென்ட். ஆண்டுச் சந்தா 25 சென்ட்.

விற்ற காசு அச்சுக்கூலிக்கே போதாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், கையில் காசில்லாதவனும் பிச்சையாக அன்றி விலை கொடுத்து வாங்கினேன் என்று தலைநிமிர்ந்து படிக்க வழி செய்தது அந்த ஒரு சென்ட். பங்குகளும் பள்ளிகளும் கட்டுக்கட்டாக வரவழைத்தன. 1938க்குள் படிகள் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டின. வீடற்றோர் கதவைத் தட்டவே விருந்தோம்பல் இல்லங்கள் எழுந்தன. காலைதோறும் ரொட்டிக்கும் காபிக்கும் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றனர்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? இதழில் விளம்பரம் கிடையாது. ஊதியம் பெறும் பணியாளரும் கிடையாது. டாரதி ஆண்டுக்கு இருமுறை வேண்டுகோள் மடல் எழுதுவார். அதில் மளிகைக் கடன் எவ்வளவு, அச்சகத்துக்குப் பாக்கி எவ்வளவு, இன்று வாசலில் நின்றவர் யார் என்பதெல்லாம் ஒரு குடும்பத்தலைவி தன் உடன்பிறந்தாளுக்கு எழுதுவதுபோல் இருக்கும். போர்வையும் பழைய சட்டையும் அனுப்பினாலும் போதும் என்பார். அனுப்ப ஒன்றும் இல்லாதவரோ இல்லத்துக்கு வந்து காய்கறி நறுக்கலாம், பாத்திரம் கழுவலாம். வாசகர் என்பவர் இங்கே வெறும் கொடையாளர் அல்லர், கூட்டாளி.

இந்த உறவுக்குக் கடுஞ்சோதனை பஞ்சத்தால் வரவில்லை. உண்மை பேசியதால் வந்தது. 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் மூண்டபோது, கத்தோலிக்கருள் மிகப் பலர் ஃபிராங்கோவின் பக்கம் நிற்க, இவ்விதழ் எப்பக்கமும் சேர மறுத்தது. 1941இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கிய பின்னரும் போரை எதிர்த்தே எழுதிற்று. கட்டுகள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. உடனுழைத்த அன்பர்களே விலகினர். இல்லங்கள் பல மூடப்பட்டன. படிகள் ஐம்பதாயிரம் அளவுக்கு இறங்கின. வாசகரைத் தக்கவைக்கக் கருத்தைச் சற்றே மழுப்பியிருக்கலாமே என்பார் உளர். மழுப்பியிருந்தால் தங்கியவர்கள் எதை நம்பித் தங்கியிருப்பர்?

1956இல் இல்லக் கட்டடம் தீத்தடுப்பு விதிகளுக்கு ஒத்ததாக இல்லை என்று 250 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. டாரதி வழக்குமன்றம் புறப்படும் காலையில், வாசலில் நின்ற ஏழைகளிடையே கசங்கிய உடையணிந்த ஒருவர் காசோலை ஒன்றைக் கையில் திணித்தார். இரண்டரை டாலர் என்று எண்ணிய அவர், வழியில் பிரித்துப் பார்த்தபோது முழுத் தொகையும் இருக்கக் கண்டார். கொடுத்தவர் புகழ்பெற்ற கவிஞர் ஆடன்!

1960இல் நகராட்சி கையகப்படுத்திய கட்டடத்துக்குரிய தொகையோடு வட்டியாக 3,579 டாலரும் சில்லறையும் வந்தது. வட்டி வாங்குவது முறையன்று என்று டாரதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பிய செய்தியை இதழிலும் வெளியிட்டார். கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கும்படி பதிவு செய்துகொள்ளவும் அவர் இசையவில்லை. நம் நிறுவனங்கள் எல்லாம் இவ்வழியில் நடக்க இயலுமா என்பது வேறு கேள்வி. 1972இல் வரித்துறை ஏறத்தாழ மூன்று இலட்சம் டாலர் கேட்டது. செய்தித்தாள்களில் கண்டனம் எழவே, அதே ஆண்டில் கோரிக்கையைக் கைவிட்டது.

டாரதி 1980 நவம்பர் 29 அன்று இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான ஆய்வு நடைபெறுகிறது. இதழ் இன்றும் வெளிவருகிறது. விலை அதே ஒரு சென்ட். அதை உறையிலிட்டு அனுப்பும் தபால் தலைக்கு அதைவிடப் பன்மடங்கு ஆகிறது. அதை வாசகரே தாங்குகின்றனர்.