கையகல டாங்கி... கைக்கு அடக்கமான பட்ஜெட்! - மாடல் கிட் வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை

குருசுக்குப்பத்தில் ‘டாங்க்’ என்றால் எல்லோருக்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால், லீவு நாளில் வீட்டுப் பிள்ளை செல்போனை நீட்டி, “அப்பா, இந்த டாங்க் கிட் வாங்கித் தாயேன்” என்று கேட்டால், அது வேறு டாங்க். போர்க்களத்தில் ஓடும் டாங்கியின் குட்டி வடிவம். பெட்டிக்குள் பிளாஸ்டிக் பாகங்கள் சட்டம் சட்டமாக இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமேதான் உருவாக்க வேண்டும்.

அப்பாவின் கண் நேராக விலைக்குப் போகும். ‘கையளவு பிளாஸ்டிக்குக்கு இவ்வளவா?’

நியாயமான கேள்விதான். இந்த கிட்களில் பெரும்பாலானவை ஜப்பான், சீனா, ஐரோப்பாவிலிருந்து வருபவை. சுங்கக் கணக்கில் இவை பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி., கூரியர் செலவு, கடைக்காரரின் லாபம். வெளிநாட்டு இணையதளத்தில் பார்க்கும் விலை வேறு, வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலை வேறு. வெளிநாட்டிலிருந்து நேரடியாக ஆர்டர் செய்பவர்கள் இதை முதலிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஆசையாக வாங்கிய கிட், பாதி ஒட்டிய நிலையில் பரணுக்குப் போய்விடுவது. பணமும் போய், ‘இது நமக்கு வராது’ என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் உட்கார்ந்துவிடும். ஆகவே, முதல் கிட் வாங்கும்போது ‘எது மலிவு?’ என்று கேட்பதைவிட, ‘எதை முடிக்க முடியும்?’ என்று கேட்பதுதான் உண்மையான சிக்கனம்.

எந்த அளவு?

பெட்டியின் மேல் 1/35, 1/48, 1/72, 1/76, 1/100 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். நிஜ டாங்கியை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதே அது. கீழே உள்ள எண் பெரிதானால் மாடல் சிறிதாகும்.

நம் ராணுவத்தில் ‘அஜேயா’ என்ற பெயரில் இருக்கும் டி-72 டாங்கியை எடுத்துக்கொள்வோம். குழலையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 9.5 மீட்டர். 1/35 அளவில் அது 27 சென்டிமீட்டர், டி.வி ஸ்டாண்டில் தனி இடமே கேட்கும். 1/72 அளவில் 13 சென்டிமீட்டர்தான். 1/100 என்றால் ஒன்பதரை சென்டிமீட்டர், உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும்.

நீளம் பாதியானால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பு கால்வாசிதான் இருக்கும். பெட்டி விலை குறையும், பெயின்ட் மிச்சமாகும், வைக்க இடமும் அதிகம் வேண்டாம். சிறிய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு 1/72-ம் 1/76-ம் பொருத்தமாக இருப்பது இதனால்தான்.

இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். டி-72-ஐ இரண்டு அளவிலும் செய்து பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960-களிலிருந்து டாங்கிகளை 1/76-ல் வெளியிட்டது. மற்ற பல நிறுவனங்கள் 1/72-ஐப் பிடித்துக்கொண்டன. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். ஒரே டாங்கியின் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்தும்போது மட்டும் ஒரே அளவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதையொட்டிய பிள்ளைக்கு முதல் முயற்சி என்றால், ஸ்வெஸ்டா போன்ற நிறுவனங்களின் 1/100 கிட்கள் நல்லவை. பாகங்கள் மிகக் குறைவு. பசை இல்லாமல் அழுத்தினாலே பொருந்திக்கொள்ளும். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும்.

எந்த டாங்கி?

பெட்டிப் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட, நமக்குத் தெரிந்த கதை உள்ள டாங்கியை வாங்குவது நல்லது. கதை தெரிந்தால் வேலையை பாதியில் விட மனசு வராது.

புதுச்சேரியில் அப்படிப்பட்ட கதைக்குப் பஞ்சமே இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே ‘சொல்தா’ என்பார்கள். இந்தோசீனா, அல்ஜீரியா என்று தாத்தாக்கள் போய் வந்த கதைகள் இன்றும் பல வீடுகளில் உண்டு. அந்த இந்தோசீனப் போரில்தான் ஓர் அதிசயம் நடந்தது. வியட்நாமின் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படைக்கு டாங்கிகள் தேவைப்பட்டன. சாலை வழியாகக் கொண்டுபோக முடியாது. 18 டன் எடையுள்ள அமெரிக்கத் தயாரிப்பான ‘சாஃபி’ டாங்கிகள் பத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி, சரக்கு விமானங்களில் ஏற்றிச் சென்று, அங்கேயே மறுபடி பூட்டினார்கள். 1953 டிசம்பரில் தொடங்கிய அந்த வேலை, நிஜமாகவே ஒரு ‘டாங்க் கிட்’ வேலைதான்!

அதே சாஃபிக்கு நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. 1971 நவம்பர் 21. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரீப்பூர் கிராமத்தில், பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை இந்தியாவின் 45-வது கவல்ரி படைப்பிரிவு எதிர்கொண்டது. நம்மவர்களிடம் இருந்தவை, தண்ணீரிலும் நீந்தக்கூடிய ரஷ்யத் தயாரிப்பு பி.டி-76 டாங்கிகள். மிதக்கும் காலி நெய் டின்னைப்போல இருந்ததால் அதற்குச் செல்லப் பெயர் ‘பிப்பா’. 2023-ல் அதே பெயரில் இந்திப் படமும் வந்தது. இந்தச் சாஃபியை ஜப்பானின் ஹசெகாவா நிறுவனம் 1/72 அளவில் வெளியிட்டிருக்கிறது. பழைய அச்சு, அளவான பாகங்கள். முடித்தால் எட்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரே பெட்டியில் தாத்தாவின் கதையும் இருக்கும், பேரனின் வரலாற்றுப் பாடமும் இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்களின் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கியும் அப்படித்தான். பிரான்ஸில் உருவானது, இந்திய ராணுவமும் வாங்கியது. 1965 செப்டம்பரில் சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை முதலில் எதிர்த்து நின்றவை இவைதான்.

ஆவடியை விட்டுவிட முடியுமா? அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் ‘விஜயந்தா’ டாங்கி 1965-ல் வெளிவந்தது. பிறகு டி-72, டி-90 ஆகியவையும் அங்கே தயாராயின. ரெவெல் நிறுவனத்தின் டி-72 எம்1, ஸ்வெஸ்டாவின் டி-90 இரண்டும் 1/72-ல் உண்டு. ‘இது நம்ம ஆவடியில செஞ்ச வண்டி’ என்று சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

* அச்சின் வயது: புதுப் பெட்டி என்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. நாற்பது, ஐம்பது ஆண்டு பழைய அச்சுகள் கைமாறி, வேறு நிறுவனப் பெயரில், புதுப் படத்தோடு மறுபடி வருவது இந்தத் தொழிலில் சகஜம். ‘ஸ்கேல்மேட்ஸ்’ இணையதளத்தில் கிட்டின் பெயரைத் தேடினால், அந்த அச்சு முதலில் எந்த ஆண்டில் வந்தது என்று காட்டும். பழைய அச்சு கெட்டது என்று அர்த்தமில்லை. பாகங்கள் குறைவாக இருக்கும். ஆனால் இடைவெளியும் பிசிறும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். புது அச்சின் விலைக்குப் பழைய அச்சை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

* பாகங்களின் எண்ணிக்கை: முதல் கிட் நூறு பாகத்துக்குள் இருப்பது நல்லது. பித்தளைத் தகட்டில் வரும் நுண்பாகங்கள் உள்ள கிட் முதல் முறைக்கு வேண்டவே வேண்டாம்.

* சங்கிலிப் பட்டை: டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைதான் புதியவர்களைக் கைவிட வைக்கும் இடம். ரப்பர் போன்ற ஒரே துண்டுப் பட்டை சுலபம். ஆனால், பழைய கிட்களின் பட்டையில் பிளாஸ்டிக் பசை ஒட்டாது. இரு முனையையும் கறுப்பு நூலால் தைத்துவிடலாம். நீளத் துண்டுகளாக வரும் பட்டை அடுத்த படி. ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டியதை மூன்றாவது, நான்காவது கிட்டுக்குத் தள்ளிப்போடுங்கள்.

* ஒரு பெட்டியில் எத்தனை? இட்டலேரியின் ‘ஃபாஸ்ட் அசெம்பிளி’ வரிசையிலும் ஆர்மர்ஃபாஸ்ட் கிட்களிலும் ஒரே பெட்டியில் இரண்டு டாங்கிகள் வரும். பிளாஸ்டிக் சோல்ஜர் கம்பெனியின் 1/72 பெட்டிகளில் மூன்று வரும். அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு ஒன்று. சண்டையும் இல்லை, ஒரு வண்டியின் விலையும் குறையும். முதல் வண்டியில் செய்த தவறை இரண்டாவதில் திருத்திக்கொள்ளலாம்.

* செகண்ட் ஹேண்ட்: பாதி விலைக்குக் கிடைத்தால் நல்ல யோகம். ஆனால் பாகச் சட்டங்கள் எல்லாம் இருக்கின்றனவா, வழிமுறைத் தாள் இருக்கிறதா, ஒட்டும் சின்னங்கள் மஞ்சளாகிவிட்டனவா என்று போட்டோ கேட்டுப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

மறைந்திருக்கும் செலவு

கையில் 2,000 ரூபாய் இருந்தால் 2,000 ரூபாய்க்கும் கிட் வாங்கிவிடாதீர்கள். முதல் முறை மட்டும், பாதிப் பணத்தைப் பசைக்கும் பெயின்ட்டுக்கும் கருவிக்கும் ஒதுக்கிவையுங்கள். அவை அடுத்த பல கிட்களுக்கு உழைக்கும்.

பசையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபெவிகால் இந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டாது. ஃபெவிக்விக் ஒட்டும், ஆனால் வெள்ளைப் புகைபோலப் படியும், தட்டினால் உடையும், பிள்ளையின் விரலையும் சேர்த்து ஒட்டும். மாடல்களுக்கென்றே வரும் திரவப் பசை, பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சின்ன பாட்டில் ஒன்றே நிறைய நாள் வரும். எளிதில் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அடுப்பங்கரையில் வைத்து ஒட்டக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பாகங்களை வெட்ட நல்ல நகவெட்டி. பிசிறு தேய்க்க ஹார்டுவேர் கடையில் வாங்கும் 400, 600 நம்பர் உப்புத்தாள். ஒட்டியதைப் பிடித்துவைக்கத் துணி க்ளிப். பிளேடு வேலை மட்டும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

பெயின்ட்டிலும் மிச்சம் பிடிக்கலாம். ஜெர்மன் டாங்கிகளுக்கு மூன்று நிறப் புள்ளிகளும் பட்டைகளும் தேவைப்படும். 1971-ன் வண்டிகளுக்கு ஒரே ஆலிவ் பச்சை போதும். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பால் அலசிக் காயவைத்து, பிரைமர் பூசி, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீர்விட்டு மெல்லியதாக இரண்டு, மூன்று முறை அடித்தால் நன்றாகவே உட்காரும். கார்களுக்கான ஸ்பிரே பிரைமர் மலிவுதான். சில சமயம் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். முதலில் மீந்த சட்டத்தில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கடற்காற்று ஜாக்கிரதை

இது குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற கடலோர வீடுகளுக்கான தனிக் குறிப்பு. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும்போது லாக்கர் ஸ்பிரே அடித்தால், பெயின்ட்டுக்குள் ஈரம் சிக்கி வெண்மை படர்ந்துவிடும். விடியற்காலையும் இரவும் இதற்கு ஆகாது. வெயில் ஏறிய, காற்று அதிகம் இல்லாத நேரமாகப் பார்த்து அடிக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை மாதங்களில் ஸ்பிரேயை மறந்துவிட்டு, பிரஷ்ஷும் அக்ரிலிக்கும் என்று இருப்பதே நல்லது. மொட்டைமாடியில் காயவைக்கும் வண்டியை ஒரு டப்பாவால் மூடிவையுங்கள். இல்லையென்றால் காற்றில் வரும் மணலும் தூசியும் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பணமே இல்லையென்றால்?

அட்டை மாடல் இருக்கிறது. இலவச அச்சு வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில் தடிமனான தாளில் பிரின்ட் எடுத்து, வெட்டி, ஃபெவிகாலால் ஒட்டினால் டாங்கி ரெடி. பிள்ளைக்கு இந்த வேலையில் நிஜமாகவே ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான பரீட்சை கிடையாது. அட்டை வண்டியைப் பொறுமையாக முடித்துவிட்டால், தைரியமாக முதல் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கலாம்.

அதன் பிறகும் ஒரே ஒரு வீட்டு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கையில் இருக்கும் வண்டி அலமாரியில் ஏறினால்தான் அடுத்த பெட்டி. அனுபவசாலிகளே மீறுகிற விதி இது. பட்ஜெட்டைக் காப்பாற்றுவதும் இந்த ஒரு விதிதான்.