பத்துக் கம்பெனிப் பொருள், ஒரே பெட்டி

யுஎஸ்ஏ தயாரிப்பு என்று லேபிள் இருந்தால் அது உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் தயாரிப்பு என்று மும்பையில் ஒரு பழைய கேலி உண்டு. பிரிவினையில் சிந்துவைவிட்டு வந்த அகதிகள், கல்யாணுக்குப் பக்கத்தில் போர்க்காலத்து ராணுவ முகாம் ஒன்றில் குடியேறி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் செய்து விற்று நிமிர்ந்த ஊர் அது. 1949 ஆகஸ்ட் 8 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இன்றைக்கும் அங்கே முகவரி கேம்ப் நம்பரில்தான், ஒன்றிலிருந்து ஐந்து வரை.

அந்தக் கேலிக்குச் சிரிப்பவர் வீட்டில் கணினி இருந்தால், அதுவும் ஒரு நகலின் வாரிசுதான். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை விற்பனைக்கு விட்டபோது அவசரத்தில் பெரும்பாலும் வெளியார் உறுப்புகளையே சேர்த்திருந்தது. ப்ராசஸர் இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசாப்ட் கொடுத்தது. ஐபிஎம் தனக்கென்று வைத்துக்கொண்டது பயாஸ் என்ற சிறு நிரலை மட்டும். மின்சாரம் வந்ததும் எல்லா உறுப்புகளையும் எழுப்பி அறிமுகம் செய்துவைக்கும் நிரல் அது. காம்பாக் நிறுவனம் 1982இல் அதை இப்படிக் கடந்தது: ஒரு குழு ஐபிஎம்மின் நிரலைப் படித்து அது என்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பெழுதியது, அந்த நிரலில் ஒரு வரியைக்கூடப் பார்த்திராத இன்னொரு குழு, குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. சட்டம் குறைசொல்ல வழியில்லை. 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் அதே முறையில் ஒரு பயாஸ் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. போட்டிக் கம்பெனிகளின் உறுப்புகளைக் கடைக்குக் கடை வாங்கி ஒரு பெட்டிக்குள் சேர்க்க முடிவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான்காம் கேம்பில் ஒரு கல்லூரி மாணவன் கணினி ஒன்றைச் சேர்க்க நாற்பதாயிரம் ரூபாயோடு கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். லோக்கல் ரயில் பிடித்து தாதரில் இறங்கி, மேற்கு லைனுக்கு மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கினால் கணினி உறுப்புக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு. பெயர்ப்பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்றிருக்கும். அப்படிச் சொல்லி வழி கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். பணத்தைக் கணக்கில்லாமல் கொட்டுபவனுக்கு அங்கே பெரிய சிக்கல் இல்லை. புதிய உறுப்புகள் எல்லாம் ஒரே காலத்தில், ஒரே ஒப்பந்தங்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. கையைக் கடிக்காமல் வாங்க நினைப்பவனுக்குத்தான் வில்லங்கம். போன தலைமுறை மதர்போர்டு, ஏதோ ஒன்றை வெட்டிக் குறைத்த கிராபிக்ஸ் கார்டு, செகண்ட்ஸ் ரேம் என்று அவன் எடுப்பதெல்லாம் ஒப்பந்தங்களின் ஓரத்தில் நிற்பவை. விலை இறங்க இறங்க, படிக்க வேண்டியது ஏறுகிறது.

ப்ராசஸரிலேயே தொடங்கலாம். அது உட்காரும் சாக்கெட்டுக்கு ஒரு பெயரும், தொடுமுனைகளுக்கு ஓர் எண்ணிக்கையும் உண்டு. இன்டெலின் எல்ஜிஏ 1151இல் பெயரில் உள்ளபடியே 1151 முனைகள். ஆறாம், ஏழாம் தலைமுறை ப்ராசஸர்கள் அதில் அமர்ந்தன. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே அளவு, அதே 1151 முனைகள், அதே பள்ளங்கள். ஆனால் ஏழாம் தலைமுறை ப்ராசஸரை எட்டாம் தலைமுறைக்கான எச்310 போர்டில் வைத்தால் கச்சிதமாக உட்காரும், உயிர் வராது. ப்ராசஸரின் மையங்கள் (கோர்கள்) நான்கிலிருந்து ஆறானதால் கூடுதல் மின்சாரம் வேண்டும் என்று இன்டெல் சில முனைகளின் வேலையை மாற்றிவிட்டது. வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. பயாஸைத் திருத்தி, சில முனைகளை மறைத்து, பழைய போர்டில் புதிய ப்ராசஸரை ஓட்டிக்காட்டிய ஆர்வலர்களும் இருந்தார்கள். அதனால் அந்தத் தடையில் பொறியியல் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஏஎம்டி எதிர்த்திசையில் போனது. அதன் ஏஎம்4 சாக்கெட் 1331 துளைகளோடு பல தலைமுறை ரைசன் ப்ராசஸர்களைத் தாங்கியது. நல்ல காரியம். ஆனால் அத்தனை ப்ராசஸர்களையும் அறிந்துவைத்திருக்கும் பயாஸ், பல போர்டுகளில் 16 எம்பி அளவே உள்ள ஒரு சில்லில் அடங்க வேண்டியிருந்தது. இடம் போதாமல் சில தயாரிப்பாளர்கள் பழைய ப்ராசஸர்களின் விவரத்தை நீக்கினார்கள். சிலர் மெனுவில் இருந்த படங்களைக் கழற்றி எறிந்தார்கள். 2020இல் பி450 போர்டுகளுக்கு அடுத்த தலைமுறை கிடையாது என்று ஏஎம்டி அறிவித்து, வாங்கியவர்கள் கொதித்ததும் அதே மே மாதத்தில் பின்வாங்கியது. ஆகவே நம் மாணவன் ஒரு பி450 போர்டும் ரைசன் 5 5500உம் வாங்கினால், காகிதத்தில் இரண்டும் ஒத்துப்போகும். போர்டு கடை அலமாரியில் பல வருடம் தூங்கியிருந்தால் அதன் பயாஸுக்கு இந்த ப்ராசஸர் யாரென்றே தெரியாது. காற்றாடி சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். லேமிங்டன் ரோட்டில் ஒரு நாள் நின்றால் ‘டிஸ்ப்ளே நஹீ ஆ ரஹா’ என்ற புலம்பல் காதில் விழாமல் போகாது. போர்டை வாங்கும்போதே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்வது ஐந்து நிமிட வேலை. இன்னொன்று: 5500க்குள்ளும், பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களுக்குள்ளும் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். தனி கார்டு இல்லாமல் அவை எதையும் காட்டா.

சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் சிறு கறுப்புக் கட்டிகளை யாரும் கவனிப்பதில்லை. கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இறக்கி ப்ராசஸருக்கு ஊட்டுவது அவற்றின் வேலை. எவ்வளவு வேண்டும் என்று ப்ராசஸரே ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். ஏஎம்4இல் 65 வாட் என்று அட்டைப்பெட்டியில் போட்ட ப்ராசஸர் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 1.2 வோல்ட்டில் 88 வாட் என்றால் 73 ஆம்பியர். வீட்டில் ஏசிக்கு வைக்கும் பெரிய பிளக் 16 ஆம்பியர்தான். விரல்நகம் அளவுள்ள சிலிக்கானுக்குள் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் ஓடுகிறது. மலிவான போர்டில் இந்தக் கட்டிகள் எண்ணிக்கையிலும் குறைவு, மேலே வெப்பம் கடத்தும் உலோகமும் இருக்காது. மே மாத மும்பை அறையில் எட்டு மையங்கள் கொண்ட ப்ராசஸரை அதில் மாட்டினால், எரியாது; சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அப்படியே வீண்.

ரேம் பக்கம் போனால் விஷயம் இன்னும் நுட்பம். ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288 முனைகள். நடுவில் உள்ள வெட்டு சற்றுத் தள்ளியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது, நல்லவேளை. டிடிஆர்4க்கு 1.2 வோல்ட்டை போர்டு கொடுக்கும். டிடிஆர்5 தன் மின்சாரத்தைத் தானே அளந்துகொள்ளும் சில்லை முதுகில் சுமக்கிறது. இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறை ப்ராசஸர் இரண்டு மொழியும் பேசும் என்பதால், எச்610 என்ற ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் கிடைக்கும், டிடிஆர்5 போர்டும் கிடைக்கும். பெட்டியின் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்காவிட்டால் மறுபடி கிராண்ட் ரோடு.

போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையே செம்புக் கோடுகள் நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போவது தெரியும். அழகுக்காக அல்ல. 3200 வேகத்து ரேம் ஒரு கோட்டில் விநாடிக்கு 320 கோடி முறை தகவல் அனுப்புகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துணுக்குகளில் 312. அதற்குள் வெற்றிடத்தில் ஒளியே ஒன்பது சென்டிமீட்டர்தான் போகும். போர்டின் செம்புக் கோட்டில் அதில் பாதி, ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. ரேம் அதைவிடத் தள்ளியிருந்தால், ஒரு பிட் போய்ச் சேருமுன்பே அடுத்தது கிளம்பிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் சேர்ந்து கிளம்பியவை சேர்ந்தே போய்ச் சேர வேண்டும். அதற்காகக் குறுக்கு வழி கிடைத்த கோட்டை வேண்டுமென்றே நெளியவைத்து, சுற்றிப் போகும் கோட்டின் நீளத்துக்குச் சமமாக்குகிறார்கள்.

அப்படியும் மிச்சமிருக்கும் சிறு வித்தியாசத்தைக் கணினியே அளந்து சரிசெய்கிறது. டிடிஆர்5 ரேமை முதல்முறை மாட்டி இயக்கும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். உள்ளே ஒவ்வொரு கோட்டுக்கும் எவ்வளவு தாமதம் கொடுப்பது என்று அது சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். பயந்துபோய் ஸ்விட்சை அணைப்பவர்கள் அதிகம்.

ரேம் இடங்கள் நான்கு உள்ள போர்டில் இரண்டு துண்டு மாட்டுவதென்றால், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கோடு முதல் இடத்தைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் முடிகிறது. முன்னால் உள்ளதில் மாட்டிவிட்டுக் கடைசியைக் காலியாக விட்டால், மிஞ்சிய செம்பு நுனியில் மோதித் திரும்பும் சைகை புதிய சைகையோடு கலந்து குழப்பும். 16 ஜிபி ஒரே துண்டாக வாங்குவதைவிட எட்டெட்டாக இரண்டு வாங்குவது ஏன் மேல் என்பதும் இங்கேதான். 3200 வேகத்தில் ஒரு துண்டு விநாடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு பாதைகளில் இரண்டு துண்டென்றால் 51.2. தனி கார்டு வாங்கக் காசில்லாமல் 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த ப்ராசஸரில் விளையாடுபவனுக்கு இது வாழ்வா சாவா விஷயம். அவனுடைய கிராபிக்ஸுக்கும் அதே ரேம்தான் சோறு.

கிராபிக்ஸ் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த ஒப்பந்தம். 2003இல் வந்த அதன் முதல் பதிப்பின் வேகத்தில்தான் இன்றைய கார்டும் ஒவ்வொரு முறையும் பேச்சைத் தொடங்குகிறது. பிறகு இரு பக்கமும் ‘எனக்கு எத்தனை பாதை, உனக்கு எத்தனை, எவ்வளவு வேகம் தாங்கும்’ என்று பேரம் பேசி, இருவருக்கும் இயன்ற உச்சத்துக்குப் போகும். அதனால் பழைய போர்டில் புதிய கார்டு ஓடும். ஓடும் என்பதில்தான் சூட்சுமம்.

2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டைப் பாருங்கள். 16 பாதைக்கான முழு நீளப் பல்வரிசை, ஆனால் உள்ளே இணைத்திருப்பது நான்கே பாதை. நான்காம் பதிப்பு போர்டில் விநாடிக்கு எட்டு ஜிபி அளவு கிடைக்கும். மூன்றாம் பதிப்பில் அது பாதி. கார்டுக்குள்ளேயே உள்ள நினைவகம் விநாடிக்கு 144 ஜிபி தரும், ஆனால் மொத்தமே 4 ஜிபி. புதிய விளையாட்டு அந்த நான்கை நிரப்பி வழிந்ததும், மிச்சத்தை இந்த ஒற்றையடிப் பாதை வழியாக ரேமிலிருந்து கொண்டுவர வேண்டும். படம் விக்கும். மலிவு போர்டும் மலிவு ப்ராசஸரும் வைத்திருப்பவனுக்கென்று விற்ற கார்டு, அவனிடமிருந்த மூன்றாம் பதிப்பு போர்டிலேயே அதிகம் தடுமாறியது. 5500 ப்ராசஸர் மூன்றாம் பதிப்பு, 5600 நான்காம் பதிப்பு என்பது பெயரைப் பார்த்தால் தெரியவா போகிறது? எட்டுப் பாதையும் 8 ஜிபியும் உள்ள ஆர்எக்ஸ் 6600ஐ செகண்ட்ஸில் தேடுவதே என் யோசனை.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ‘500 வாட்’ ஸ்டிக்கரை நம்பாமல், பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். ப்ராசஸருக்கு 88, 6600 கார்டுக்கு 132, மற்றவற்றுக்கு ஐம்பது வைத்தால் 270 வாட். 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் நேர்மையாகத் தரும் 450 வாட் தாராளம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்று 20 மில்லி விநாடி. கணிசமான சுமையில் மின்சாரம் அறுந்தாலும் 16, 17 மில்லி விநாடி வரை உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர் தாங்க வேண்டும் என்பது தரவிதி. யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் இடைவெளி அந்த நேரத்துக்குள் முடியும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது. கெபாசிட்டரில் காசு மிச்சம் பிடித்த எஸ்எம்பிஎஸ், முதல் மழைக்கு மின்சாரம் கண்சிமிட்டியதும் விளையாட்டின் நடுவே அணைந்து எழும். யுபிஎஸ்மீது பழி விழும்.

சில்லறை விஷயங்கள்: எம்.2 இடத்தில் சாட்டா வகை எஸ்எஸ்டி உட்கார்ந்துவிடும் என்பதற்காக வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. கேபினெட்டின் நீளத்தைக் கார்டின் நீளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். மானிட்டர் கேபிளை போர்டில் மாட்டாமல் கார்டில் மாட்ட வேண்டும். சிரிக்காதீர்கள், இது நடக்கிறது.

இத்தனைக்கும் பயந்து, அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி கணினி ஒன்றை வாங்கிக் கார்டு மட்டும் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது; இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைப் பொதுவாக விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் அப்படிப்பட்டவை சந்தையில் நிறைய கிடைக்கும். ஆனால் அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் பிளக் பொது அளவில் இருக்காது, கம்பெனியின் சொந்த வடிவம். கார்டுக்கென்று தனி மின்கம்பியும் வராது. அங்கே கைகொடுப்பது செருகும் இடமே தரக்கூடிய 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு. ஜிடிஎக்ஸ் 1650இல் தனி மின்கம்பி கேட்காத வகை உண்டு. ஒல்லிப் பெட்டியைத் தவிர்த்து டவர் வடிவம் எடுத்தால் சாதாரண உயரக் கார்டு நுழையும். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் மூடியைக் கழற்றச் சொல்லி, நீள இடம் காலியாக இருக்கிறதா, பக்கத்தில் ஹார்ட்டிஸ்க் கூண்டு இடிக்குமா என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிட வேண்டும்.