ஓர் இசைத்தட்டும் ஓயாத வழக்கும்

ஓர் இசைத்தட்டின் பொருட்டு நண்பர் இருவர் நாற்பது ஆண்டுகளாக வழக்காடி வருகின்றனர் என்றால் கேட்போர் நகைப்பர். நகைப்புக்கு இடமான அவ்விருவருள் ஒருவன் நான். மற்றவர் என் பள்ளித் தோழர். வழக்குக்கு உரிய பொருளோ, லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் நால்வர் 'பீட்டில்ஸ்' என்னும் பெயரால் 1967ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்' என்னும் இசைத்தட்டு. நண்பருடைய தமையனார் தேடிப் பெற்றுப் பொன்போற் போற்றிய தட்டு அது. அவர் வீட்டில் இல்லாத வேளை பார்த்து, ஊசி கீறிவிடுமோ என்ற அச்சத்தோடு அதனை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். அன்று தொடங்கிய வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

உலகெங்கும் இத் தட்டின் இரசிகர் இவ்வாறே பிரிந்து நின்று வாதிடுகின்றனர். நாங்கள் அப் பெருங் கூட்டத்தின் ஒரு சிறு மூலை, அவ்வளவே.

முதலில் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த நிகழ்ச்சியோடு பீட்டில்ஸ் குழுவினர் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்திக்கொண்டனர். சபையோரின் கூச்சலில் தாம் வாசிப்பது தமக்கே கேளாத நிலை அவர்களுக்கு வந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரிற் கென்யாவிலிருந்து திரும்பும் விமானப் பயணத்திற் போல் மக்கார்ட்னியின் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது. புகழ் பெற்ற பீட்டில்ஸ் என்ற சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கற்பனையான வேறொரு வாத்தியக் குழுவாக வேடம் பூண்டு பாடினால் என்ன என்பதே அது. அதன்பின் இலண்டன் அபி வீதியில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்தனர். நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் அந் நால்வரின் கற்பனைக்கு உருக்கொடுத்தனர். பதின்மூன்று பாட்டுகள், நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நேரம்: இதுவே அதன் அளவு.

இப்பொழுது வழக்குக்கு வருவோம்.

முதல் வினா, இது ஒரு நூலா அல்லது உதிரிப் பாட்டுகளின் தொகுப்பா என்பது. ஒரே காப்பியம் என்பது நண்பர் கட்சி. தொடக்கத்தில் வாத்தியக் குழு தன்னை அறிமுகஞ் செய்கின்றது. சபையோரின் ஆரவாரம் எழுகின்றது. முதற் பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டு அதனுள் வந்து கலக்கின்றது. இறுதிக்கு முன்னர் தொடக்கப் பாட்டே விடைபெறும் பாட்டாக மீண்டும் வருகின்றது. பாட்டின் சொற்கள் முழுவதையும் உறையின் பின்புறத்தில் அச்சிட்டுத் தந்தமை, படிக்க வேண்டிய நூல் இது என்பதற்கு அறிகுறி என்பார் அவர்.

நானோ எதிர்க்கட்சி. ஜோன் லெனனே எனக்குச் சாட்சி. தம்முடைய பாட்டுகளுக்கும் அக் கற்பனைக் குழுவுக்கும் தொடர்பேதும் இல்லை என்று 1980ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் அவர் வெளிப்படையாகவே கூறிவிட்டார். அன்றியும், இத் தட்டுக்கென முதலிற் பதிவுசெய்த 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபோர் எவர்', 'பெனி லேன்' என்னும் இரு சிறந்த பாட்டுகளை 1967 பெப்ரவரியில் தனித் தட்டாக வெளியிட்டு, இதிற் சேராது விட்டனர். அதனைத் தம் தொழில் வாழ்வின் பெருந் தவறென்று மார்ட்டின் பின்னாளில் வருந்தினார். உறுப்புகளை இவ்வாறு கழற்றவும் மாட்டவும் கூடுமாயின் அது காப்பியம் ஆகுமா என்பது என் கேள்வி.

"செய்தவன் சொல்வதுதான் முடிந்த தீர்ப்பென்றால், வள்ளுவர் வந்து சொல்லும்வரை குறளுக்கு உரையே எழுதியிருக்க முடியாதே!" என்பது நண்பரின் மறுமொழி. இதற்கு நான் இன்றுவரை நல்ல விடை கண்டிலேன். மணக்குடவர் ஒன்று கூறினார், பரிமேலழகர் வேறொன்று கூறினார், குறள் குறைந்துவிடவில்லை.

ஆயினும் உரை கூறுவதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டாம் வழக்கு அது பற்றியதே. 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' என்னும் பாட்டின் தலைப்பிலுள்ள பெரிய எழுத்துகள் மூன்றைச் சேர்த்துப் பார்த்தோர், எல்.எஸ்.டி. என்னும் மயக்க மருந்தை அது மறைவாகக் குறிக்கின்றது என்றனர். தம் சிறு மகன் ஜூலியன், பள்ளித் தோழி ஒருத்தியை வரைந்து கொண்டுவந்த சித்திரமே அத் தலைப்பைத் தந்தது என்று லெனன் இறுதிவரை கூறிவந்தார். 1969ஆம் ஆண்டு ஒக்டோபரில் இன்னும் விந்தையான உரையொன்று அமெரிக்க வானொலி வாயிலாகப் பரவிற்று. மக்கார்ட்னி முன்னரே விபத்தொன்றில் இறந்துவிட்டார் என்றும், அவர் சாயலுடைய வேறொருவரே இப்போது பாடுகிறார் என்றும், அதற்கான குறிப்புகள் உறையிலேயே உள்ளன என்றும் இளைஞர் நம்பினர். பின்னுறையில் அவர் மட்டும் முதுகு காட்டி நிற்கின்றார் அல்லவா? உட்பக்கப் படத்தில் அவர் சட்டைக் கையிலுள்ள சின்னத்தின் எழுத்துகள், இறந்தவரென உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டவர் என்பதன் குறுக்கம் அல்லவா? உண்மையில் அது கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பொலிசாரின் சின்னம்! இறந்ததாகச் சொல்லப்பட்டவரோ இன்று எண்பது வயதையும் கடந்துவிட்டார்.

இசையைக் கேளாது உறையைப் படித்ததால் வந்த வினை இது. உரையாசிரியன் மூலத்தை விட்டு விலகினால், தன் நிழலையே பொருளென மயங்குவான். இவ்வொரு விடயத்தில் நண்பரும் நானும் ஒரே கட்சி.

மூன்றாம் வழக்கு ஜோர்ஜ் ஹரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' பற்றியது. இரண்டாம் பக்கத்தைத் தொடக்கி வைக்கும் இப் பாட்டில் மற்றைய மூவரும் பங்குகொள்ளவில்லை. இலண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள் தில்ருபா, தபேலா, தம்பூரா முதலியவற்றை வாசிக்க, மார்ட்டின் அமைத்த எட்டு வயலின்களும் மூன்று செல்லோக்களும் அவற்றைப் பின்தொடர்கின்றன. மேனாட்டு இரசிகருட் பலர் இதனைத் தாண்டி ஊசியை அடுத்த பாட்டுக்கு நகர்த்துவதுண்டு என்பர். நம்மவர் செவிக்கோ இங்கே அந்நியம் ஏதுமில்லை. இப் பாட்டின் சுரங்கள் வடநாட்டார் கமாஜ் என்று வகுப்பது, நமது அரிகாம்போதி. அதுவே பழந்தமிழரின் செம்பாலை என்பர் தமிழிசை ஆராய்ந்தோர் பலர். நடுவே பாட்டு நின்று கருவிகள் மட்டும் ஒலிக்கும் இடத்தில் தாளம் ஐந்தின் கணக்குக்கு மாறுகின்றது. கற்றுக்குட்டியின் விளையாட்டன்று, குருவிடம் அமர்ந்தவனின் பணிவு அதில் உண்டு. 1966ஆம் ஆண்டிலேயே ஹரிசன் இந்தியாவுக்குச் சென்று ரவி சங்கரிடம் சித்தார் பயின்றிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஒரு சிரிப்பொலி கேட்கின்றது. அது கேலி என்றேன் நான். இல்லை, வேதாந்தம் பேசி முடித்தவன் தன்னைத்தானே இலேசாக்கிக் கொள்வது என்றார் நண்பர். அச் சிரிப்பைச் சேர்க்கச் சொன்னவர் ஹரிசனே என்று பின்னர் அறிந்தபோது, நான் இந்த வழக்கிலே தோற்றேன்.

இவையெல்லாம் பொழுதுபோக்கான வாதங்கள். ஒரு வழக்கு மட்டும் எங்களுக்கு விளையாட்டாக இருந்ததில்லை. அது முதற் பக்கத்தின் ஆறாம் பாட்டாகிய 'ஷீஸ் லீவிங் ஹோம்' பற்றியது.

1967ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வீட்டை விட்டுச் சென்ற பதினேழு வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றிய செய்தியைப் பத்திரிகையிற் கண்ட மக்கார்ட்னி அதனைப் பாட்டாக்கினார். விடியற் பொழுதில் மகள் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு ஓசைப்படாமல் வெளியேறுகிறாள்; பெற்றோர் விழித்தெழுந்து திகைக்கின்றனர். இதிற் கிற்றாரும் இல்லை, முரசும் இல்லை. நரம்பு வாத்தியங்களும் யாழ்போன்ற ஹார்ப்பும் மட்டுமே ஒலிக்கின்றன. மக்கார்ட்னி கதையைப் பாட, பெற்றோரின் புலம்பலை லெனன் பாடுகின்றார். சிறுவயதில் தம்மை வளர்த்த பெரியன்னை மிமி கூறும் வார்த்தைகள் போன்றவையே அப் புலம்பல் என்று லெனன் பின்னர் சொன்னார்.

பெற்றோரை இப் பாட்டு ஏளனஞ் செய்கின்றதா, அவர்கள்பால் இரங்குகின்றதா? இரசிகர் உலகம் இவ்வினாவில் இன்றும் இரண்டுபட்டே நிற்கின்றது. இளமையிலே நண்பர் ஏளனக் கட்சி. செய்த செலவையும் பட்ட பாட்டையும் கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கு இதுவே தக்க பாடம் என்பார். நானோ, இது சினிமாப் பாணியிற் கண்ணீர் வரவழைக்கும் பாட்டு. ஏளனமும் இல்லை, இரக்கமும் இல்லை, வெறும் சர்க்கரை என்பேன்.

ஆண்டுகள் கடந்தன. ஒருநாள் நண்பரின் ஒரே மகள், வீட்டார் ஒப்பாத ஒருவரை மணந்துகொண்டு கடல் கடந்து போனாள். மேசையில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. அதன்பின் அவள் எழுதிய கடிதங்களுக்கு நண்பர் மறுமொழி எழுதவில்லை. அவர் வீட்டில் அந்த இசைத்தட்டும் ஒலிக்கவில்லை. எங்கள் வழக்கு மன்றம் ஆறு ஆண்டுகள் கூடாமலே இருந்தது.

அண்மையில் ஒருநாள் மாலை அவரே என்னை அழைத்தார். போனபோது தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஆறாம் பாட்டு வந்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. அது முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிட்டு, "நான் இதைப் பிழையாகக் கேட்டு வந்திருக்கிறேன்" என்றார்.

"பெற்றோரை ஏளனஞ் செய்யவில்லை என்கிறீரா?" என்றேன்.

"அதுவல்ல. மகள் பிழையா, பெற்றோர் பிழையா என்று தீர்ப்புக் கேட்டேன். பாட்டுத் தீர்ப்புச் சொல்லவேயில்லை. பல்லவி வரும் இடத்தைக் கவனியும். மேலே மகள் போகிறாள் என்று ஒரு குரல் நீண்டு ஒலிக்கிறது. கீழே பெற்றோரின் குரல் அதே நேரத்தில் ஒலிக்கிறது. ஒன்று மற்றதை மறிக்கவில்லை. பேச்சிலே இது முடியுமா? வீட்டிலே ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடவேண்டியிருக்கிறது. இங்கே இரண்டு பேரும் ஒன்றாகப் பேசுகிறார்கள், இரண்டும் கேட்கிறது."

நான் அப்போதுதான் அதனை உண்மையாகக் கேட்டேன். நாற்பது ஆண்டுகள் சொற்களின் பொருளை ஆராய்ந்த எனக்கு, குரல்கள் அமைந்த முறையிலேயே பொருள் இருக்கின்றது என்பது தோன்றவில்லை. அதனைப் பாடிய மக்கார்ட்னிக்கு அப்போது வயது இருபத்து நான்கு; லெனனுக்கு இருபத்தாறு. பிள்ளைகளின் பக்கம் நின்று மட்டும் பாடியிருக்கக்கூடிய வயது. அவர்களோ பெற்றோருக்கும் ஒரு குரல் வைத்தனர்.

இத் தட்டின் ஒருமையும் இதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது. கதைத் தொடர்ச்சியில் நான் அதனைத் தேடிக் காணாது விட்டேன். விடிகாலைத் துயரத்தை அடுத்து, 1843ஆம் ஆண்டின் சர்க்கஸ் விளம்பரம் ஒன்றிலிருந்து பிறந்த களியாட்டம். வேதாந்தப் பாட்டை அடுத்து, மக்கார்ட்னி பதின்ம வயதில் இயற்றிய முதுமை பற்றிய வேடிக்கைப் பாட்டு. ஒன்றையொன்று மறுக்கும் குரல்கள் ஒரே சபையில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. உறைச் சித்திரத்திற் கூடி நிற்கும் பலதிறப்பட்ட மனிதரின் கூட்டமும் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

தட்டின் கடைசிப் பாட்டாகிய 'எ டே இன் த லைஃப்' வரையும் அன்று கேட்டோம். போதைப் பழக்கத்தைத் தூண்டலாம் என்று பி.பி.சி. ஒருகாலத்தில் ஒலிபரப்ப மறுத்த பாட்டு அது. நாற்பது வாத்தியக்காரர் தம் கருவியின் அடித்தாயியிலிருந்து உச்சிவரை அவரவர் போக்கில் ஏறும் அந்தப் பேரோசை எழுந்து அடங்கியது. பின்னர் பல பியானோக்களில் ஒருங்கே அடித்த இறுதி நாதம், நாற்பது விநாடிக்கு மேலாகத் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. நாதம் குறையக் குறைய எமெரிக் பதிவின் அளவைக் கூட்டிக்கொண்டே சென்றமையால், கூடத்தின் காற்றும் நாற்காலியின் சிறு முனகலும்கூட அதிற் பதிந்துள்ளன. எங்கள் தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியின் ஒலி அதனோடு கலந்தது. எது தட்டின் ஒலி, எது வீட்டின் ஒலி என்று பிரித்தறிய முடியவில்லை.

நண்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அங்கே இப்போது காலை நேரம். எழும்பியிருப்பாள்" என்றார்.

நான் விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தேன். வாசலைக் கடக்கும்போது உள்ளே அவர் தொலைபேசியிற் பேசும் குரல் கேட்டது. என்ன பேசினார் என்பதை நான் நின்று கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் வழக்கு மன்றம் மீண்டும் கூடியது. ஹரிசனின் சிரிப்புப் பற்றி எனக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கின்றது.