கசினோ வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்?

2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொழும்பு பேரே வாவிக்கரையில் ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ கோலாகலமாகத் திறக்கப்பட்டது. ஜோன் கீல்ஸ் நிறுவனம் நூறு கோடி டொலருக்கும் மேல் செலவழித்துக் கட்டிய வளாகம் அது. உள்ளே கசினோவை நடத்துவது மக்காவுவில் பெயர் பெற்ற மெல்கோ நிறுவனம். இந்தியாவிலிருந்து வசதியான பயணிகள் வருவார்கள், டொலர் வரும், இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடு வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள் இந்த நியாயத்தைச் சட்டென்று தள்ளிவிட முடியாது.

லண்டன் ஹரோவில் இருக்கும் நமக்கும் இதில் அக்கறை உண்டு. ஊரில் காணி, சொந்தம், முதலீடு எல்லாம் வைத்திருக்கிறோம். கோயிலும் கோட்டையும் பழைய தெருக்களும் பார்க்க ஆட்கள் வருகிற ஓர் ஊருக்குச் சட்டப்படி ஒரு கசினோ வந்தால் அந்த ஊர் செழிக்குமா, கெடுமா? கொழும்பில் வந்தது நாளைக்குக் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வேண்டும் என்று யாராவது கேட்பதற்கு முன்பே இதை விளங்கி வைத்துக்கொள்வது நல்லது. விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரித்தானியாவிலேயே, உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஒரு நகரம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. அந்த ஊரின் பெயர் பாத்.

முதலில் இங்கத்தைய சட்டம். ஹரோவில் கசினோ கிடையாது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரித்தானியாவில் 53 பகுதிகளுக்கு மட்டும்தான் கசினோ வைக்க அனுமதி இருந்தது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன்–செல்சி, குரொய்டன் ஆகியவை அதில் இருந்தன, ஹரோ இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக 17 கசினோக்களுக்கு வழி திறந்தது: ஒன்று மிகப் பெரியது, எட்டுப் பெரியவை, எட்டுச் சிறியவை. மிகப் பெரியதை மன்செஸ்டருக்குக் கொடுக்கலாம் என்று 2007 ஜனவரியில் ஒரு நிபுணர் குழு சொன்னது. போட்டியிட்ட பிளக்பூலும் கிரீனிச்சும் ஏமாந்தன. அந்த மார்ச்சிலேயே பிரபுக்கள் சபை மூன்றே வாக்கு வித்தியாசத்தில் அதைத் தடுத்தது, பிறகு கோர்டன் பிரவுன் அரசு ‘சூப்பர் கசினோ’ என்ற எண்ணத்தையே கைவிட்டது. பெரிய எட்டில் ஒன்று நியூஹமுக்குப் போனது. 2011இல் ஸ்ட்ராட்ஃபர்ட் வெஸ்ட்ஃபீல்டில் திறந்தது அதுதான். சிறிய எட்டில் ஒன்று பாத் நகரத்துக்கு.

பாத்துக்குச் சூது புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்த பிரபுக்கள் மாலையில் சீட்டாடினார்கள். ஊரின் கேளிக்கைகளை நடத்திய போ நாஷ் என்பவரின் வருமானமே பெரும்பாலும் அந்த மேசைகளிலிருந்து வந்தது. 1739, 1745 சட்டங்கள் அப்போது பரவியிருந்த ஆட்டங்களைத் தடை செய்ததும் அவருடைய கை காய்ந்தது. நகரசபை மாதாமாதம் கொடுத்த உதவிப் பணத்தில் வாழ்ந்து 1761இல் இறந்தார். அந்த ஊரை அழகாகக் கட்டியெழுப்பியதில் சூதாட வந்தவர்களின் பணத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சூது போன பிறகும் பாத் நின்றது. ரோமர் கட்டிய குளங்களும் தேன்நிறக் கல் வீடுகளும் அங்கேயே இருந்தன. 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரோமர் குளியலைப் பார்க்க மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிற காலமும் வந்தது.

இப்படிப்பட்ட ஊரில் 2018இல் ஒரு கசினோ திறந்தது. இடம் சோ குளோஸ், தியேட்டர் ரோயலுக்குப் பக்கம். போ நாஷ் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடும் அருகில்தான். ஹோட்டல், உணவகங்களோடு சேர்ந்த திட்டம். அமெரிக்காவின் செஞ்சுரி கசினோஸ் நடத்தியது. 2020 மார்ச்சில் கொவிட்டுக்காக மூடினார்கள். திரும்பத் திறக்கவில்லை. அந்த மே மாதமே நடத்திய துணை நிறுவனம் கலைப்புக்குப் போனது. முழுதாக இரண்டு ஆண்டுகூட அது ஓடவில்லை. பாத்துக்கு வரும் பயணிகள் தடை நீங்கியதும் திரும்பி வந்தார்கள். அவர்கள் வந்தது குளங்களுக்காகவும் தெருக்களுக்காகவும். கசினோ மூடியதால் அந்த ஊரின் சுற்றுலாவில் ஒரு ஓட்டையும் விழவில்லை.

நான் இந்த உதாரணத்தில் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கசினோவை ஆதரிப்பவர்கள் எப்போதும் சிங்கப்பூரைக் காட்டுவார்கள், எதிர்ப்பவர்கள் மகாபாரதத்தைக் காட்டுவார்கள். பண்பாட்டுக்காகவே ஆட்கள் வரும் நடுத்தர ஊர் ஒன்றில் என்ன நடக்கும் என்பதற்கு நெருங்கிய சாட்சி பாத்தான். அங்கே கசினோ ஊரைக் கெடுக்கவில்லை, ஊருக்கு உதவவும் இல்லை.

இனிப் பணம் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். ரூலட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் ஒரு பவுண் வைத்து வென்றால், வைத்த பவுணோடு 35 பவுண் தருவார்கள். 37 தடவை சக்கரம் சுற்றினால் சராசரியாக ஒரு தடவை உங்கள் எண் விழும். 37 பவுண் கொடுத்து 36 பவுண் திரும்ப எடுக்கிறீர்கள். மிச்சம் ஒரு பவுண், அதாவது 2.7 சதவீதம், கசினோவுக்கு. யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, கணக்கே அப்படி.

மெஷின் இதைவிடக் கடுமை. இங்கே தெருமுனைச் சூதாட்ட நிலையங்களில் இருக்கும் ‘பி3’ வகை மெஷினில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 பவுண், இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் குறைந்தது 2.5 விநாடி. உச்சத் தொகையில் விடாமல் அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் 1,440 ஆட்டம், 2,880 பவுண் பந்தயம். பந்தயத்தில் 90 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும் மெஷின் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரத்தில் சராசரியாக 288 பவுண் போய்விடும். அவ்வளவு வேகமாக எல்லோரும் ஆடுவதில்லை. ஆனால் அடிமைப்பட்டவர்கள் ஆடுவார்கள், நட்டத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவர்களும் அவர்கள்தான்.

ஆகவே கசினோவால் ஊருக்கு லாபமா என்பது ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகிறது: மேசையில் உட்கார்ந்திருப்பவர் எங்கிருந்து வந்தவர்? வெளிநாட்டுக்காரர் தோற்றால் அது ஏற்றுமதி வருமானம் மாதிரி. உள்ளூர்க்காரர் தோற்றால் மளிகைக் கடைக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் போக வேண்டிய காசுதான் இடம் மாறுகிறது. ஊருக்குப் புதிதாக ஒரு சதமும் வரவில்லை. அடுத்த கேள்வி, வரி யார் கைக்குப் போகிறது? பிரித்தானியாவில் கசினோ வரி, வருமானத்தைப் பொறுத்து 15 முதல் 50 சதவீதம் வரை. அது திறைசேரிக்குப் போகிறது. குடும்பம் உடைந்தால், கடன் ஏறினால், வீடிழந்து நின்றால், வந்து நிற்பது உள்ளூர் கவுன்சில் வாசலில்.

சிங்கப்பூர் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு நடந்தது. 2005இல் பிரதமர் லீ சியன் லூங் அனுமதியை அறிவித்தபோதே எதிர்ப்புப் பலமாக இருந்தது. 2010இல் மரினா பே சாண்ட்ஸும் செந்தோசாத் தீவின் கசினோவும் திறந்தன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நாளுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019இல் அது 150 ஆனது. அந்தப் பணம் பொதுநலப் பணிகளுக்குப் போகிறது. கணவனையோ மகனையோ உள்ளே விடாதே என்று குடும்பத்தார் மனுக் கொடுத்துத் தடை வாங்கலாம். வங்குரோத்தானவர்களுக்குத் தானாகவே தடை. 2009இல் 97 லட்சமாக இருந்த பயணிகள் 2010இல் 116 லட்சமானார்கள். 2009 உலகமே பொருளாதாரத்தில் படுத்திருந்த ஆண்டு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், இருந்தாலும் பலன் கிடைத்தது உண்மை. வலுவான அரசும் கண்டிப்பான அதிகாரிகளும் உள்ள இடத்தில் இது நடந்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மக்காவு மறுகரை. 2002இல் ஒற்றை நிறுவனத்தின் ஏகபோகம் முடிந்தது. 2005இல் பழைய போர்த்துக்கேயக் கட்டடங்களுக்காக யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. இரண்டும் ஒன்றாக வளர்ந்தன என்று சொல்ல முடியாது, ஒன்று மற்றதைத் தின்றது. 2007இல் கியா கலங்கரை விளக்கத்தை மறைத்து உயரக் கட்டடங்கள் எழப்போகின்றன என்று மக்கள் குரல் கொடுத்தார்கள், அதன் பிறகே உயரக் கட்டுப்பாடு வந்தது. பணம் கொட்டியது, அதையும் சொல்ல வேண்டும்: 2008 முதல் அரசு ஆண்டுதோறும் மக்களுக்குக் காசாகவே பங்கு கொடுக்கிறது. ஆனால் 2020இல் கொவிட் வந்ததும் சூதாட்ட வருமானம் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 80 சதவீதம் விழுந்தது. 2022இல் உரிமங்களைப் புதுப்பித்தபோது, நிறுவனங்கள் போடும் முதலீட்டில் பெரும்பகுதியைச் சூது அல்லாத துறைகளில்தான் போட வேண்டும் என்று அரசே நிபந்தனை வைத்தது. உலகத்தின் மிகப் பெரிய கசினோ நகரம் அதிலிருந்து வெளியே வரத்தான் வழி தேடுகிறது.

நம் பக்கம் வந்தால், புதுச்சேரி 2022 ஜூனில் ஒரு முடிவெடுத்தது. சென்னையிலிருந்து கிளம்பிய கோர்டேலியா சொகுசுக் கப்பல் அங்கே நின்று பயணிகளை இறக்கிப் போவதாகத் திட்டம். கப்பலில் கசினோ இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. சூதாட்டத்துக்கு இடம் இல்லை என்று அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சொன்னார். கப்பல் அனுமதி கிடைக்காமல் திரும்பியது. அதனால் பிரெஞ்சுத் தெருக்களுக்கும் ஆரோவில்லுக்கும் வரும் கூட்டம் குறையவில்லை. கோவா வேறு வழியில் போனது: பணஜியில் மண்டோவி ஆற்றுக் கப்பல்களில் கசினோவை அனுமதித்தது. ஆனால் 2020 பெப்ரவரியில் தன் சொந்த மக்கள் உள்ளே போகத் தடை போட்டது. வரியை விரும்பும் அரசே தன் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறது என்றால், அந்தச் சரக்கைப் பற்றி வேறு சாட்சி தேவையில்லை.

இலங்கையில் கசினோவுக்கான சட்டம் 2010இல் வந்தது. ஜேம்ஸ் பக்கரின் ‘கிரவுன்’ திட்டம் 2013இல் பெரிய சர்ச்சையாகி, 2015இல் ஆட்சி மாறியதும் நின்றது. இப்போதைய அரசு 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. வரியை 15 சதவீதத்திலிருந்து 18 ஆக்கவும், இலங்கையர் உள்ளே போகக் கட்ட வேண்டிய தொகையை 50 டொலரிலிருந்து 100 ஆக்கவும் முடிவெடுத்தது. திசை சரி. ஆனால் சிங்கப்பூரில் குடும்பத்தார் வாங்கக்கூடிய அந்தத் தடை போன்ற ஏற்பாடு இல்லாமல் கட்டணம் மட்டும் போதாது. கையில் காசு இருக்கும் அடிமைப்பட்டவர் 100 டொலரையும் கட்டிவிட்டு உள்ளே போவார். 18 சதவீதம் என்பதும், பிரித்தானியாவின் 50 சதவீத உச்சத்தோடு பார்த்தால், குறைவுதான்.

என் முடிவு இது. கொழும்பு ஒரு வணிகத் துறைமுகம். அங்கே ஒரு கசினோவைக் கண்டிப்போடு நடத்தினால் நன்மை தீமையை அளந்து பார்க்கலாம். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வேண்டாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவரும், தலதா மாளிகைக்கு வருபவரும், நெடுந்தீவுக்குப் படகேறுபவரும் கசினோ இல்லையென்று வராமல் விடப்போவதில்லை. மேசையை நிரப்ப வேண்டுமானால் உள்ளூர்க்காரர்தான் வேண்டும். அங்கே உள்ளூர்க்காரர் கையில் இருப்பதில் ஒரு பங்கு, ஹரோவிலும் டொரொண்டோவிலும் இரவு வேலை செய்து நாம் அனுப்பும் காசு. போரில் எல்லாவற்றையும் இழந்து, நுண்கடனில் மூச்சுத் திணறும் குடும்பங்கள் உள்ள இடத்தில் அந்த மேசையைப் போடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

கடைசியாக நம் வாசலுக்கு வருவோம். ரேய்னர்ஸ் லேனில் பிக்கடில்லி ரயில் ஏறினால் மாறாமலே லெஸ்டர் ஸ்குவேர்; அங்கே 1900இல் கட்டிய ஹிப்போட்ரோம் அரங்கு 2012 முதல் கசினோ, 24 மணி நேரமும் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. கைபேசியில் அதைவிடப் பக்கம். தெருவில் மெஷின் நிலையங்களும் பெட்டிங் கடைகளும். பிரெண்ட் உட்பட பல கவுன்சில்கள் இவற்றைக் கட்டுப்படுத்த அதிகாரம் கேட்டு அரசிடம் குரல் கொடுத்து வருகின்றன, ஏனென்றால் 2005 சட்டம் உரிமம் கேட்டால் கொடுக்கும் பக்கமே சாயச் சொல்கிறது. புதிய உரிமம் கேட்பவர் கடை வாசலில் அறிவித்தல் ஒட்ட வேண்டும். அருகில் வசிப்பவர்கள் 28 நாட்களுக்குள் கவுன்சிலுக்கு எழுதலாம். ‘சூது பாவம்’ என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். பிள்ளைகளுக்கும் பலவீனமானவர்களுக்கும் என்ன கெடுதி, இந்த இடத்தில் குற்றம் எப்படிக் கூடும் என்று ஆதாரத்தோடு எழுதினால் பார்த்தே ஆக வேண்டும். வீட்டில் யாராவது ஏற்கெனவே மாட்டியிருந்தால் தேசிய சூதாட்ட உதவி இலக்கம் 0808 8020 133. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். என்எச்எஸ் சூதாட்ட மருத்துவ நிலையங்களும் இருக்கின்றன. வெட்கப்பட்டு மறைக்காமல் கூப்பிடுங்கள்.